சி.ஏ. இன்டர்மீடியட் தேர்வு: தயாரிப்பும் முடிவுக்கான காத்திருப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி.ஏ. இன்டர்மீடியட் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்பட்டுள்ளன. 2024 மே முதல் நடைமுறையில் உள்ள புதிய பாடத்திட்டத்தையே இவை அடிப்படையாகக் கொண்டவை. மதிப்பெண் விதிகளுக்கு இங்கே கூடுதல் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. உழைப்பில் குறை வைக்காத மாணவர்கள் பலர் இந்த விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் தவறான முடிவுகளை எடுப்பதே அதற்குக் காரணம்.

இந்தத் தேர்வில் எத்தனை தாள்கள் உள்ளன? யார் எழுதலாம்?

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனமான ஐ.சி.ஏ.ஐ. நடத்தும் மூன்று நிலைத் தேர்வுகளில் இது நடுவில் உள்ளது. ஆறு தாள்கள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், மூன்று மூன்றாக இரண்டு குரூப். முதல் குரூப்பில் அட்வான்ஸ்டு அக்கவுண்டிங், கம்பெனிச் சட்டமும் பிற சட்டங்களும், வரிவிதிப்பு ஆகியவை வரும். இரண்டாம் குரூப்பில் காஸ்ட் அண்ட் மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங், ஆடிட்டிங் அண்ட் எதிக்ஸ், நிதி மேலாண்மையும் உத்தி மேலாண்மையும் சேர்ந்த தாள் ஆகியவை வரும்.

ஃபவுண்டேஷன் தேர்வில் தேறியவர்கள் இதற்குப் பதிவு செய்யலாம். வணிகவியல் பட்டதாரிகள் 55 சதவீதமும் பிற பட்டதாரிகள் 60 சதவீதமும் பெற்றிருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேரடியாகச் சேரலாம். பதிவு செய்த பிறகு எட்டு மாதப் படிப்புக் காலம் முடிந்தால்தான் தேர்வு எழுத முடியும். ஆண்டுக்கு மூன்று முறை, ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் தேர்வு நடக்கிறது.

எட்டு மாதம் போதுமா?

நாள்தோறும் படிக்கிற மாணவருக்குப் போதும். ஆனால் அந்த எட்டு மாதத்தையும் முதல் வாசிப்பிலேயே செலவழித்துவிட்டால் போதாது. ஆறு தாள்களையும் ஐந்து மாதத்திற்குள் ஒருமுறை முடித்து, அடுத்த ஆறேழு வாரங்களில் இரண்டாம் முறை பார்த்து, கடைசி மாதத்தை மூன்றாம் முறைக்கும் மாதிரித் தேர்வுகளுக்கும் வைத்துக்கொள்வதே நான் மாணவர்களுக்குச் சொல்லும் கணக்கு. கல்லூரிக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், பி.காம். பருவத் தேர்வுகள் விழும் வாரங்களை முதலிலேயே கழித்துவிட்டுத் திட்டமிட வேண்டும்.

பொதுவாக இரண்டு தாள்களுக்கு இடையே ஒரு நாள்தான் விடுமுறை கிடைக்கும். ஒரு தாளை எழுதி முடித்து மாலை ஐந்து மணிக்கு வெளியே வருபவருக்கு, அடுத்த தாள் தொடங்கும் மதியம் இரண்டு மணி வரை ஏறத்தாழ ஒன்றரை நாள் மிஞ்சுகிறது. ஆகவே எந்தப் பாடத்தின் குறிப்பும் அந்த ஒன்றரை நாளில் முழுதாகத் திருப்பிப் பார்த்துவிடும் அளவில் இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் அழகாக எழுதி வைத்த குறிப்பால் அந்த நேரத்தில் பயன் இல்லை.

ஒரு குரூப் மட்டும் எழுதலாமா, இரண்டையும் சேர்த்து எழுதலாமா?

இதற்கு விடை தேட, தேர்ச்சி விதியை முதலில் பார்க்க வேண்டும். ஒரு குரூப்பில் தேற, ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 மதிப்பெண்ணும், அந்த மூன்று தாள்களின் மொத்தத்தில் 50 சதவீதமும், அதாவது 300க்கு 150ம், ஒரே தேர்வில் வாங்க வேண்டும். மாணவர்கள் இந்த மொத்தத்தை 'அக்ரிகேட்' என்பார்கள். 45, 48, 52 வாங்கிய மாணவர் எந்தத் தாளிலும் தவறவில்லை; ஆனாலும் மொத்தம் 145 என்பதால் குரூப் போய்விடுகிறது. 72, 41, 40 வாங்கியவரோ 153 பெற்றுத் தேறிவிடுகிறார். 'எல்லாவற்றிலும் 40 தாண்டினால் போதும்' என்று படிப்பவர்கள் அக்ரிகேட்டில் விழுவது இதனால்தான். நன்றாக வரும் பாடத்தில் 60, 65 என்று உயர்த்திக்கொள்ளும் முயற்சி ஒவ்வொரு குரூப்பிலும் இருக்க வேண்டும்.

இரண்டு குரூப்பையும் ஒரே முறையில் எழுதுபவருக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆறு தாளிலும் 40க்குக் குறையாமல் எடுத்து, ஆறின் மொத்தம் 600க்கு 300 ஆகிவிட்டால், இரண்டு குரூப்பிலும் தேறியதாகவே அறிவிக்கப்படுவார். முதல் குரூப்பில் 58, 55, 51 எடுத்தவரின் மொத்தம் 164. அவரே இரண்டாம் குரூப்பில் 44, 47, 46 எடுத்தால் 137 தான். தனியாக எழுதியிருந்தால் அந்தக் குரூப் தோல்வி. சேர்த்து எழுதியதால் 301 ஆகி, இரண்டும் கைக்கு வருகின்றன.

இந்தச் சலுகையைப் பார்த்து எல்லோரும் ஆறு தாளும் எழுதிவிடலாமே என்று தோன்றலாம். ஆறு தாளையும் இரண்டு முறையேனும் முழுதாகத் திருப்பிப் பார்த்தவருக்கு மட்டுமே அதை நான் பரிந்துரைப்பேன். ஒரு குரூப்பை அரைகுறையாக வைத்துக்கொண்டு ஆறும் எழுதினால், நன்றாகப் படித்த குரூப்பின் கடைசி வாரங்களை அரைகுறைக் குரூப் தின்றுவிடும். தேர்வு விண்ணப்பம் நிரப்பும் நாளில், இதுவரை எத்தனை தாள்களை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பார்த்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்.

கோச்சிங் வகுப்பில் சேர்ந்தே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஐ.சி.ஏ.ஐ.யின் கல்வி வாரியம் தன் ஸ்டடி மெட்டீரியல் முழுவதையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது; நேரலை வகுப்புகளையும் கட்டணமின்றி நடத்துகிறது. ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் ஆர்.டி.பி. எனப்படும் ரிவிஷன் டெஸ்ட் பேப்பரும், எம்.டி.பி. எனப்படும் மாதிரி வினாத்தாள்களும், முந்தைய தேர்வுகளுக்கான சஜெஸ்டட் ஆன்சர்ஸ் தொகுப்பும் கிடைக்கின்றன. கணக்குப் பாடங்களில் தடுமாறுபவர்களுக்கு ஓர் ஆசிரியர் அருகில் இருப்பது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கடன் வாங்கி ஆறு தாளுக்கும் வகுப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, மகனோ மகளோ ஆயிரம் மணி நேரக் காணொலிகளைப் பார்த்து முடிப்பதையே படிப்பு என்று நினைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எந்த வகுப்பில் சேர்ந்தாலும், தேர்வு கேட்பது ஸ்டடி மெட்டீரியலில் இருந்துதான். அதன் உதாரணக் கணக்குகளையும் பயிற்சிக் கேள்விகளையும் விட்டுவிடக் கூடாது.

தமிழ் வழியில் படித்தவர்கள் இந்தத் தேர்வில் தேற முடியுமா?

முடியும். தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும் என்பதால், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவருக்கு முதல் சில மாதங்கள் கடினமாகவே இருக்கும். காஸ்டிங், அக்கவுண்டிங், நிதி மேலாண்மை, வரிக் கணக்குகள் ஆகியவற்றில் மொழியின் பங்கு குறைவு. சட்டத்திலும் ஆடிட்டிங்கிலும்தான் அது தெரியும். அந்த இரண்டுக்கும் முதல் நாளிலிருந்தே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

திருத்துபவர் அலங்காரமான ஆங்கிலத்தை எதிர்பார்ப்பதில்லை. அவர் தேடுவது மூன்றே பகுதிகளை: சட்டம் என்ன சொல்கிறது, கொடுக்கப்பட்ட நிகழ்வு என்ன, ஆகவே முடிவு என்ன. ஒரு கம்பெனியின் முதல் நிதியாண்டு 2025 மார்ச் 31 அன்று முடிந்தது, அதன் முதல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை எந்த நாளுக்குள் நடத்த வேண்டும் என்று கேட்டால், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 96ஆம் பிரிவு முதல் கூட்டத்திற்கு ஒன்பது மாதம் தருகிறது என்பது முதல் பகுதி. நிதியாண்டு முடிந்த நாள் மார்ச் 31 என்பது இரண்டாவது. டிசம்பர் 31க்குள் நடத்த வேண்டும் என்பது மூன்றாவது. நான்கைந்து எளிய வாக்கியங்களில் இதைச் சொல்லிவிடலாம். பிரிவு எண் உறுதியாக நினைவில்லை என்றால் எண்ணை விட்டுவிட்டு விதியை மட்டும் எழுதுங்கள். தவறான எண்ணை எழுதுவதைவிட அது நல்லது.

ஸ்டடி மெட்டீரியலைப் படிக்கும்போது பொருளைத் தமிழில் யோசித்துப் புரிந்துகொள்வதில் தவறே இல்லை. புரிந்த பிறகு, அந்தப் பத்தியின் முக்கியச் சொற்களை ஆங்கிலத்தில் அப்படியே கையால் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு சட்ட விடை என்று எழுதிப் பார்த்தாலே, எட்டு மாதத்தில் இருநூறுக்கு மேற்பட்ட விடைகள் கையில் பழகியிருக்கும்.

படித்தது நினைவில் இருக்கிறது, ஆனால் தேர்வில் நேரம் போதவில்லை. என்ன செய்வது?

தோல்வி அடைந்த விடைத்தாள்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்: முதல் இரண்டு கேள்விகள் அருமையாக எழுதப்பட்டிருக்கும், கடைசிக் கேள்வி தொடங்கப்பட்டே இருக்காது. 180 நிமிடத்தில் 100 மதிப்பெண் என்றால், ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. 30 மதிப்பெண்ணுக்குக் கொள்குறி வினாக்களும் 70 மதிப்பெண்ணுக்கு விரிவான விடைகளும் கேட்கப்படுகின்றன. கொள்குறிப் பகுதியை 45 நிமிடத்தில் முடித்தால் மீதிக்கு 135 நிமிடம் இருக்கும். 14 மதிப்பெண் வீதம் ஐந்து கேள்விகள் எழுத வேண்டிய தாளில், ஒரு கேள்விக்கு 27 நிமிடம் கிடைக்கும். அந்த 27ஆவது நிமிடத்தில் விடை முடியாவிட்டாலும் அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். ஒரு விடையின் கடைசி இரண்டு மதிப்பெண்ணைப் பிடிப்பதற்குள், இன்னொரு விடையில் எளிதாகக் கிடைத்திருக்கும் ஏழெட்டு மதிப்பெண் போய்விடும்.

இந்தப் பழக்கம் வாசிப்பதால் வராது. எம்.டி.பி. வினாத்தாள்களை, தேர்வு நடக்கும் அதே மதியம் இரண்டு மணிக்கு, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூளை மந்தமாகும் நேரத்தில்தான் இந்தத் தேர்வு வைக்கப்படுகிறது என்பதால், அந்த நேரத்திலேயே பழகுவது அவசியம். எழுதியதை ஐ.சி.ஏ.ஐ. வெளியிடும் விடையோடு வரிவரியாக ஒப்பிட்டு, நீங்களே கறாராக மதிப்பெண் போடுங்கள். கணக்கில் விடை மட்டும் சரியாகி, அதைக் கணக்கிட்ட படிகளைக் காட்டும் வொர்க்கிங் நோட்ஸ் இல்லாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைத்தே போடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் இப்படி மூன்று முறையாவது எழுதியவர் தேர்வு அறையில் திணறுவது அரிது.

கொள்குறி வினாக்களுக்குத் தவறான விடை எழுதினால் மதிப்பெண் குறையுமா?

இன்டர்மீடியட்டில் குறையாது, ஃபவுண்டேஷனின் மூன்றாம், நான்காம் தாள்களில்தான் தவறான ஒவ்வொரு விடைக்கும் கால் மதிப்பெண் கழியும். எனவே இங்கே எந்த வினாவையும் விடையின்றி விடக் கூடாது. பெரும்பாலானவை ஒரு நிகழ்வை விவரித்து அதன்மீது தொடர்ந்து கேட்கப்படும் வினாக்கள் என்பதால், முதலில் வினாவைப் படித்துவிட்டு நிகழ்வுக்குப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஓ.எம்.ஆர். தாளில் பதிவெண்ணை நிரப்பும்போது அவசரம் வேண்டாம்.

வரித் தாளுக்கு எந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும்?

வரித் தாளில் வருமான வரிக்கு 50, ஜி.எஸ்.டி.க்கு 50 மதிப்பெண். எந்த நிதிச் சட்டமும் எந்தத் தேதி வரையிலான திருத்தங்களும் பொருந்தும் என்பதை ஒவ்வொரு தேர்வுக்கும் ஐ.சி.ஏ.ஐ. தனியாக அறிவிக்கிறது. அண்ணனோ அக்காவோ பயன்படுத்திய பழைய புத்தகத்தை மற்றத் தாள்களுக்கு ஓரளவு வைத்துக்கொள்ளலாம். வரிக்கு வைத்துக்கொள்ளவே கூடாது.

இப்போது இதில் இன்னும் கவனம் தேவை. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக வருமான வரிச் சட்டம், 2025 நிறைவேற்றப்பட்டு, 2026 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டுள்ளது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டை வழக்கை நீக்கி 'வரி ஆண்டு' என்ற ஒன்றையே அது பயன்படுத்துகிறது. பிரிவு எண்களும் மாறியுள்ளன. நீங்கள் எழுதப்போகும் தேர்வுக்கு எந்தச் சட்டம் என்பதை ஐ.சி.ஏ.ஐ. அறிவிப்பில் பார்த்து உறுதி செய்த பிறகே புத்தகம் வாங்குங்கள்.

தேர்வு அறையில் கவனிக்க வேண்டியவை என்ன?

தேர்வு மதியம் 2 முதல் 5 மணி வரை. வினாத்தாள் 1.45க்கே கையில் தரப்படும். அந்தப் பதினைந்து நிமிடமும் வாசிப்பதற்கு மட்டுமே. விருப்பக் கேள்விகளில் எதை விடுவது என்பதை அந்த நேரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். பேட்டரியில் இயங்கும் சாதாரணக் கால்குலேட்டருக்கு அனுமதி உண்டு: ஆறு செயல்பாடுகள், 12 இலக்கங்கள், இரண்டு நினைவகங்கள் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது.

நம் ஊர் மாணவர்களிடம் குறிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. விடைத்தாளின் தலைப்பில் பிள்ளையார் சுழி போடுவது சிறு வயதிலிருந்து பலருக்குக் கைப்பழக்கம். பிள்ளையார் சுழி, ஓம், சிலுவை, 786 முதலிய எந்தக் குறியீட்டையும் விடைத்தாளில் இடக் கூடாது. எழுதியவரை அடையாளம் காட்டும் முயற்சியாகக் கருதப்பட்டு, முறைகேட்டுக்கான நடவடிக்கை வரை அது போகக்கூடும். மாதிரித் தேர்வு எழுதும் நாட்களிலேயே இந்தப் பழக்கத்தை நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேர்வுத் தேதிகள் மாறுமா?

மாறியிருக்கின்றன. 2025 ஜனவரி 14 அன்று வைக்கப்பட்டிருந்த ஃபவுண்டேஷன் தாள், பொங்கல் நாள் என்பதால் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 16ஆம் தேதிக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் எல்லையில் ஏற்பட்ட பதற்றத்தால் மே 9 முதல் 14 வரையிலான தாள்கள் ஒத்திவைக்கப்பட்டு, 16ஆம் தேதி முதல் நடத்தப்பட்டன. வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவிப்பை நம்பாமல் ஐ.சி.ஏ.ஐ. இணையதளத்தை மட்டும் பாருங்கள். ஒத்திவைப்பு உறுதியாகும் வரை பழைய தேதிக்கே படித்துக்கொண்டிருப்பது பாதுகாப்பானது.

முதல் தாள் மோசமாகிவிட்டது. மீதியை எழுதாமல் விட்டுவிடலாமா?

விடவே கூடாது. இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காதவர்கள் இந்தப் பதிலையாவது படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒரு தாளில் 60 அல்லது அதற்கு மேல் எடுத்தும் குரூப்பில் தேறாதவருக்கு, அந்தத் தாளிலிருந்து அடுத்த மூன்று தேர்வுகளுக்கு விலக்கு கிடைக்கும். இதையே எக்ஸம்ப்ஷன் என்கிறோம். ஆனால் அந்தக் குரூப்பின் எல்லாத் தாள்களையும் எழுதியவருக்கு மட்டுமே அது உண்டு. முதல் தாளில் 39 எடுத்து, மற்ற இரண்டிலும் 70, 70 எடுத்தவர், அடுத்த முறை அந்த ஒரே தாளை எழுதினால் போதும். 40 எடுத்தாலே குரூப் முடிந்துவிடும். முதல் நாள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய் மற்ற இரண்டையும் எழுதாமல் விட்டிருந்தால், மூன்று தாளையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

மோசமாக எழுதியதாக நினைத்த தாள் உண்மையில் மோசமாக இருந்ததா என்பதும் அன்று மாலை யாருக்கும் தெரியாது. வெளியே வந்ததும் நண்பர்களோடு விடைகளை ஒப்பிடுவதைத் தவிருங்கள். அதில் இழப்பது அடுத்த தாளுக்கான ஒன்றரை நாளை.

முடிவு எப்போது வரும்? எங்கே பார்க்கலாம்?

தேர்வு முடிந்து ஏறத்தாழ ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்திற்குள் வரும். 2024 மே தேர்வின் முடிவு ஜூலை 11 அன்று வெளியானது. ஐ.சி.ஏ.ஐ.யின் முடிவுகளுக்கான இணையதளத்தில் பதிவு எண்ணையும் ரோல் எண்ணையும் கொடுத்துப் பார்க்கலாம். வெளியான முதல் மணி நேரத்தில் தளம் திணறுவது வழக்கம். பக்கம் திறக்கவில்லை என்பதற்கு வேறு எந்தப் பொருளும் இல்லை.

எழுதியதை வைத்து மதிப்பெண்ணைக் கணித்துவிட முடியாதா?

முடியாது என்றே சொல்வேன். விரிவான விடைகளில் ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு மதிப்பெண் என்பது திருத்துபவர்களுக்குத் தரப்படும் வழிகாட்டுதலில் இருக்கும். இறுதி விடை தவறாகி, வழி சரியாக இருந்தால் கணிசமான மதிப்பெண் கிடைக்கும். அதற்கு மேல், 1988ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் விதிமுறைகளின் 39ஆவது விதி, தேவைப்பட்டால் ஒரு தாளில் எல்லோருடைய மதிப்பெண்ணையும் மாற்றியமைக்கும் அதிகாரத்தை ஐ.சி.ஏ.ஐ. கவுன்சிலுக்கு அளிக்கிறது. 38 என்று கணித்துத் தூக்கம் இழந்தவருக்கு 51 வந்ததும் உண்டு, 60 என்று நம்பியவருக்கு 43 வந்ததும் உண்டு.

காத்திருக்கும் இரண்டு மாதங்களில் என்ன செய்வது?

ஆண்டுக்கு மூன்று தேர்வுகள் என்றான பிறகு இந்தக் கேள்வியின் எடை கூடிவிட்டது. மே தேர்வின் முடிவு ஜூலையில் வருகிறது. செப்டம்பர் தேர்வுக்கான விண்ணப்பமும் ஜூலையிலேயே நிரப்பப்படுகிறது. முடிவு வந்த பிறகுதான் புத்தகத்தைத் திறப்பேன் என்பவருக்கு, தவறியிருந்தால், இரண்டு மாதம்கூட மிஞ்சாது.

தேர்வு முடிந்து ஒரு வாரம், பத்து நாள் ஓய்வு எடுங்கள்; ஊருக்குப் போங்கள், நன்றாகத் தூங்குங்கள். அதன்பின், ஒரு குரூப் மட்டும் எழுதியவருக்கு வழி தெளிவு: முடிவு எதுவானாலும் அடுத்த குரூப்பை எழுதியே ஆக வேண்டும், உடனே அதைத் தொடங்கலாம். காஸ்டிங்கிலிருந்து தொடங்குவது நல்லது. கையால் கணக்குப் போடும் பாடம் என்பதால் மனம் அலைபாயும் நாட்களிலும் உட்கார வைக்கும்.

இரண்டு குரூப்பும் எழுதியவர்கள்தான் குழம்புகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, தேறினாலும் தேறாவிட்டாலும் பயன்படும் வேலையைத் தேர்ந்தெடுங்கள் என்பதே. ஆடிட்டிங் ஸ்டாண்டர்டுகளை எடுத்துக்கொண்டால், தணிக்கைச் சான்று பற்றிய எஸ்.ஏ. 500, வெளியார் உறுதிப்படுத்தல் பற்றிய எஸ்.ஏ. 505, நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பது பற்றிய எஸ்.ஏ. 570 ஆகியவை இன்டர்மீடியட்டிலும் வருகின்றன, ஃபைனலிலும் வருகின்றன, நடுவே ஆர்ட்டிகிள்ஷிப் எனப்படும் அலுவலகச் செய்முறைப் பயிற்சியில் தினமும் வேலையாகவே வருகின்றன. அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டுகளை ஆழமாகப் படிப்பதும் அவ்வாறே.

இன்னொன்றையும் இந்த நாட்களில் முடித்துவிடலாம். ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்வதற்கு முன் ஐ.சி.ஐ.டி.எஸ்.எஸ். என்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும்: கணினிப் பயிற்சி 15 நாள், ஓரியன்டேஷன் 15 நாள். இதற்கு இன்டர்மீடியட் தேர்ச்சி தேவையில்லை, பதிவு இருந்தால் போதும். முடிவு வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் இடம் தேடுவார்கள். காத்திருப்புக் காலத்திலேயே முடித்தவர், தேறிய மறுவாரமே அலுவலகத்தில் சேர முடியும்.

'ரிசல்ட் என்னாச்சு?' என்று உறவினர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்ன சொல்வது?

முடிவு வரும் மாதத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். பெற்றோர்களுக்குத்தான் இங்கே சொல்ல வேண்டியது அதிகம். 2024 மே தேர்வில் முதல் குரூப் எழுதியவர்களில் 27.15 சதவீதமும், இரண்டாம் குரூப் எழுதியவர்களில் 18.28 சதவீதமும், இரண்டையும் சேர்த்து எழுதியவர்களில் 18.42 சதவீதமும் தேறினார்கள். பள்ளியில் 95 சதவீதம் வாங்கிய பிள்ளை இங்கே ஒருமுறை தவறுவது, சோம்பலின் அடையாளமோ அறிவுக் குறைவோ ஆகாது. நான்கில் மூன்று பேருக்கு நேர்வதுதான் அவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. முடிவு நாளில் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண் போடும் பேச்சை வீட்டில் எடுக்காதீர்கள். பிள்ளை தானாகச் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போகும் அளவுக்கு, அல்லது வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வரும் அளவுக்கு மனம் தளர்ந்தால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். தயங்காமல் பேசுங்கள்.

எக்ஸம்ப்ஷன் கிடைத்திருக்கிறது. அடுத்த முறை எவ்வளவு எடுக்க வேண்டும்?

விலக்கு பெற்ற தாளின் மதிப்பெண் அடுத்த முறை மொத்தத்தில் சேர்க்கப்படும். 66, 48, 34 எடுத்துத் தவறியவருக்கு முதல் தாளில் விலக்கு. மீதி இரண்டிலும் தலா 40க்குக் குறையாமல், இரண்டும் சேர்த்து 84 எடுத்தால் 150 ஆகிவிடும். நேரம் கிடைக்கிறது என்று அந்த இரண்டையும் 42, 42 என்ற அளவில் குறிவைத்துப் படிப்பது ஆபத்து. 50, 50 என்று குறிவைத்தால்தான் 42க்குக் கீழே போகாமல் இருக்க முடியும். புதிய திட்டத்தில் நிரந்தர விலக்கு என்ற தெரிவும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பவர் மீதியுள்ள ஒவ்வொரு தாளிலும் 50 எடுக்க வேண்டும் என்பதால், மூன்று வாய்ப்புகளும் தீரும் முன் அதை அவசரப்பட்டுக் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஓரிரு மதிப்பெண்ணில் தவறிவிட்டேன். மறுமதிப்பீடு கேட்கலாமா?

மறுமதிப்பீடு என்ற ஏற்பாடு இங்கே இல்லை. முடிவு வெளியான ஒரு மாதத்திற்குள், தாளுக்கு 100 ரூபாய் கட்டி, சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். எழுதிய எல்லா விடைகளுக்கும் மதிப்பெண் போடப்பட்டிருக்கிறதா, கூட்டல் சரியா என்பவை மட்டுமே அதில் பார்க்கப்படும். ஒரு விடைக்கு ஏன் குறைத்துப் போட்டீர்கள் என்று கேட்க முடியாது. பிழை கண்டறியப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

இதைவிட எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுவது, தாளுக்கு 500 ரூபாய் செலுத்தி, சான்றளிக்கப்பட்ட விடைத்தாள் நகலை வாங்குவது. மதிப்பெண் கூடும் என்ற நம்பிக்கையில் வாங்க வேண்டாம். எந்தக் கேள்வியில் வொர்க்கிங் நோட்ஸ் இல்லாமல் மதிப்பெண் போனது, எந்தச் சட்ட விடையில் முடிவு எழுதாமல் விட்டோம், எந்தப் பக்கத்திலிருந்து கையெழுத்து கெட்டது என்பதையெல்லாம் சஜெஸ்டட் ஆன்சரோடு வைத்துப் பார்த்தால், அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும். எல்லாத் தாளுக்கும் வேண்டியதில்லை. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் இடைவெளி அதிகமாக உள்ள ஒரு தாளுக்கு வாங்கினாலே போதும்.

இரண்டு குரூப்பும் தேறியாயிற்று. அடுத்து?

ஆர்ட்டிகிள்ஷிப். புதிய திட்டத்தில் இரண்டு குரூப்பும் தேறிய பிறகே இதில் சேர முடியும். மூன்று ஆண்டாக இருந்த காலம் இப்போது இரண்டு ஆண்டு. அது முடிந்து ஆறு மாதப் படிப்புக் காலத்திற்குப் பிறகு ஃபைனல் எழுதலாம். அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உதவித்தொகையை மட்டும் பார்க்காமல், தணிக்கை, வருமான வரி, ஜி.எஸ்.டி. மூன்றிலும் வேலை கொடுப்பார்களா என்றும், ஃபைனலுக்கு முன் படிப்பு விடுப்பு எவ்வளவு தருவார்கள் என்றும் சேரும் முன்னரே கேட்டுவிடுங்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் நடுத்தர அளவிலான அலுவலகங்கள் பல உள்ளன. பெரிய நிறுவனத்தில் ஒரே வகை வேலையைச் செய்துகொண்டிருப்பதைவிட அங்கே பலவகை வேலைகளைத் தொட்டுப் பார்க்க முடியும்.